குட்டி விமானமும் வெறும் எடையும்: கட்டும்போது ஏறுன கிலோ பறக்கும்போது என்ன பண்ணுது

போன மாசம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு அமெரிக்காவுலேர்ந்து அயித்தான் வீடியோ கால் பண்ணாரு, அங்க அப்ப காலைல ஒன்பது மணி. ஏழு வருஷமா கராஜ்ல ஒரு ரெண்டு சீட் விமானத்த சொந்தமா கட்டிக்கிட்டு இருந்தவரு, அன்னிக்குத்தான் முதல் தடவையா அத தராசுல ஏத்துறாரு. மூணு சக்கரத்துக்கு அடியில மூணு எலக்ட்ரானிக் தராசு. ஹேங்கர், அதாவது விமானம் நிறுத்துற கொட்டகை, அதோட கதவ இழுத்து சாத்தியாச்சு, ஏன்னா லேசா காத்து அடிச்சாலே றெக்கை கொஞ்சம் தூக்கி எடைய கம்மியா காட்டிரும். ரசமட்டம் வச்சு லெவல் பாத்தாச்சு. "இடது 155... வலது 157... மூக்கு 75"னு ஒவ்வொண்ணா வாசிச்சாரு, நான் இங்க காரைக்குடில பேப்பர்ல கூட்டி "387 அயித்தான்"னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிளான்ல போட்டிருந்தது 340.

"47 கிலோ எங்கேர்ந்து மாப்ள வந்துச்சு?"னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கான பதிலும், அந்த 47 கிலோ இனிமே என்னென்ன பண்ணும்ங்கறதும்தான் இந்தக் கட்டுரை. ஆர்.சி. மாடல், அதாவது ரிமோட்ல ஓடுற குட்டி விமானம், பறக்க விடுற பசங்க, ஏரோ படிக்கிற பசங்க நிறைய பேரு எம்ப்டி வெயிட்ட ஏதோ ஸ்பெக் ஷீட்ல இருக்குற ஒரு நம்பர்னு தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு அது தாங்கல.

முதல்ல கணக்கு. எம்ப்டி வெயிட்னா ஆளு, சாமான், பெட்ரோல் எதுவும் இல்லாம விமானம் மட்டும் இருக்குற எடை. எஞ்சின், அதுல இருக்குற ஆயில், டேங்க் அடியில உறிஞ்ச முடியாம தங்குற கொஞ்சூண்டு பெட்ரோல், போல்ட் போட்டு மாட்டுன எல்லாமே இதுக்குள்ள வந்துரும். கிராஸ் வெயிட்னா டிசைன் பண்ணவரு இதுக்கு மேல ஏத்தாதீங்கன்னு போட்ட மொத்த எடை. ரெண்டுக்கும் நடுவுல மிஞ்சுறதுதான் யூஸ்ஃபுல் லோடு, அதுலதான் ஓட்டுறவரு, கூட வர்றவரு, பை, பெட்ரோல் எல்லாம் அடங்கணும். நம்ம பக்கத்து பெரியவங்க பேரேடு எழுதுன முறையில சொன்னா கிராஸ் வெயிட்ங்கறது வரவு, அது மாறாது, எம்ப்டி வெயிட் ஏற்கனவே எழுதி முடிச்ச செலவு, மிச்சத்த வச்சுத்தான் குடும்பம் நடக்கணும்.

அயித்தானோட விமானத்துக்கு கிராஸ் 600 கிலோ. பிளான்படி 340 வந்திருந்தா யூஸ்ஃபுல் லோடு 260. ரெண்டு ஆளு 160 கிலோ, பை 20 கிலோ, அது போக 80 கிலோ மிச்சம். விமான பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.72 கிலோ, அவரோட டேங்க் 90 லிட்டர், அதாவது 65 கிலோ. ஃபுல் டேங்க் அடிச்சாலும் 15 கிலோ இன்னும் கையில இருக்கும். மணிக்கு 18 லிட்டர் குடிக்கிற எஞ்சின், அரை மணி நேர ரிசர்வ கழிச்சுட்டா நாலரை மணி நேரம் பறக்கலாம்.

இப்ப 387. யூஸ்ஃபுல் லோடு 213. அதே ரெண்டு ஆளு அதே பை போக பெட்ரோலுக்கு 33 கிலோதான், அதாவது 46 லிட்டர், பாதி டேங்க் காலியாவே கிடக்கணும். ரிசர்வ் போக ரெண்டு மணி நேரம். எம்ப்டி வெயிட் ஏறுனது 14 சதவீதம், யூஸ்ஃபுல் லோடு குறைஞ்சது 18 சதவீதம், ஆனா ரெண்டு பேரா பறக்குற நேரம் பாதிக்கும் கீழ விழுந்துருச்சு. ஆளோட எடைய குறைக்க முடியாது, பை வேணும், அதனால ஏறுன ஒவ்வொரு கிலோவும் நேரா போய் பெட்ரோல்ல கைய வைக்குது. இதத்தான் நிறைய பேரு கட்டும்போது யோசிக்கிறதில்ல.

சரி, 47 கிலோ எங்கேர்ந்து வந்துச்சு? ஒரே இடத்துலேர்ந்து வரல, வந்திருந்தா அன்னிக்கே கண்ணுல பட்டிருக்கும். பெயிண்ட் மட்டும் 10 கிலோவுக்கு மேல, ரெண்டு சீட்டருக்கு அது சாதாரணம். சீட்டுக்கு நல்ல ஃபோம், தரையில சத்தம் வராம இருக்க ஒரு மேட், ரெண்டாவது ஸ்கிரீன், ஆட்டோபைலட், அதுக்கெல்லாம் போற செம்பு வயரு, பெரிய டயர், ஃபைபர்ல வர்ற பாகத்துக்கெல்லாம் "எதுக்கும் இருக்கட்டும்"னு இன்னொரு லேயர், அதுக்கு மேல மேடு பள்ளம் தெரியாம இருக்க புட்டி. இந்த புட்டி விஷயத்துல நம்ம ஊரு ஆளுங்க ரொம்ப கவனமா இருக்கணும்னு நான் நினைக்கிறேன், ஏன்னா கானாடுகாத்தான் வீட்டு செவுத்த பாத்து வளந்தவங்க நாம, சுண்ணாம்பு பூசி அதுக்கு மேல முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசி கண்ணாடி மாதிரி தேச்சு வச்ச செவுரு, கோட்டு மேல கோட்டு போட்டாத்தான் வேலைன்னு நம்ம கண்ணு பழகிருச்சு. வீட்டுக்கு அது அழகு, செவுரு எங்கயும் பறக்கப் போறதில்ல. விமானத்துல ஒவ்வொரு கோட்டும் ஆயுசு பூரா தூக்கிக்கிட்டு அலையணும். ஃபைபர் கிளாஸ்ல கையால லேயர் போடும்போது துணிக்கு பலம், அத ஒட்டுற பிசினான ரெசினுக்கு பலம் கிடையாது, துணி நனைஞ்சு ஒட்டுற அளவுக்கு மட்டும் ரெசின் போதும், மிச்சத்த ஸ்க்யூஜி வச்சு வழிச்சு எடுத்துரணும். புதுசா கத்துக்கறவங்க பளபளன்னு ஈரமா இருந்தாத்தான் ஸ்ட்ராங்னு விட்டுருவாங்க, அந்த பளபளப்பு பூராவும் சும்மா ஏறுன எடை.

பெரிய ஆளுங்களுக்கும் இது நடக்கும். பெங்களூருல இருக்குற அரசாங்க விமான ஆராய்ச்சிக்கூடம் என்.ஏ.எல்.லோட சாரஸ் விமானம் 2004-ல முதல்ல பறந்தப்போ அந்த முதல் மாதிரி திட்டம் போட்டத விட நூத்துக்கணக்கான கிலோ கூடுதல். அது ரெண்டு எஞ்சின் வச்ச பெரிய விமானம், வீட்டுல கட்டுறது இல்ல, ஆனா நோய் ஒண்ணுதான். மும்பைல கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடில கட்டுன விமானத்த 2016-ல மேக் இன் இந்தியா கண்காட்சில வச்சப்போ நம்ம பசங்க எல்லாரும் "மாடில எப்படி கட்டுனாரு, எப்படி கீழ இறக்குனாரு"ன்னுதான் பேசுனாங்க. அதுவும் கேக்க வேண்டியதுதான், ஆனா எந்த வீட்டு விமானத்த பாத்தாலும் என் வாயில முதல்ல வர்ற கேள்வி எம்ப்டி வெயிட் எவ்வளவுங்கறதுதான்.

அமெரிக்காவுல அல்ட்ராலைட்டுக்கு 1982-ல போட்ட விதி, சட்டமாவே எம்ப்டி வெயிட்டுக்கு ஒரு கோடு போட்டுருக்கு, 254 பவுண்டு, நம்ம கணக்குல 115 கிலோ. அதுக்குள்ள வந்து மத்த விதிக்கும் ஒத்துப்போயிட்டா லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். மிதவைக்கும் பாராசூட்டுக்கும் மட்டும் சலுகை. அதனால அந்த விமானம் கட்டுறவங்க ஒரு போல்ட்டோட நீளத்துக்குக் கூட சண்டை போடுவாங்க, மரை தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற அரை இஞ்ச் இரும்பு எதுக்குன்னு கேப்பாங்க. அந்தப் பழக்கம் எல்லா பில்டருக்கும் வந்தா நல்லது.

இப்ப முக்கியமான இடம். "600னு போட்டிருக்கான், 632 ஏத்துனா என்ன ஆயிரப் போவுது"ன்னு ஒரு பேச்சு வரும், அயித்தானும் அன்னிக்கு அதத்தான் கேட்டாரு. ஃபுல் டேங்க், ரெண்டு ஆளு, பை எல்லாம் சேத்தா 632 வருது, அஞ்சு சதவீதம் கூட. அமெரிக்காவுல இப்படி சொந்தமா கட்டுற எக்ஸ்பெரிமெண்டல் விமானத்துக்கு கட்டுறவரே கிராஸ் வெயிட்ட எழுதிக்கலாம், தடுக்க ஆளு இல்ல. நான் சொன்னது, பேரேட்டுல எழுதிட்டா பெட்டியில பணம் வந்துருமா அயித்தான்?

றெக்கைய நாலு ஜி, அதாவது விமானத்தோட எடை மாதிரி நாலு மடங்கு, தாங்கணும்னு டிசைன் பண்ணிருந்தா அது 600 கிலோவுக்கு நாலு ஜி, அதாவது 2400 கிலோ. 632க்கு அதே றெக்கை 3.8 ஜி தான் தாங்கும், பேப்பர்ல என்ன எழுதுனாலும். இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. எடை எங்க உக்காந்துருக்குங்கறது ஸ்பாருக்கு, அதாவது றெக்கைக்குள்ள நீளமா ஓடுற முதுகெலும்புக்கு, ரொம்ப முக்கியம். பெட்ரோல் றெக்கைக்குள்ள இருந்தா, றெக்கை மேல தூக்குற இடத்துலயே அது கீழ இழுக்குது, அதனால றெக்கை உடம்போட சேர்ற வேர்ல வர்ற வளைவு குறையுது. ஆனா ஃபோம், மேட், ஸ்கிரீன், ஆட்டோபைலட் எல்லாம் நடு உடம்புல உக்காருது, அந்த எடை அத்தனையும் றெக்கையோட வேர் வழியாத்தான் தூக்கப்படணும். அதே 632 கிலோவா இருந்தாலும் உடம்புல ஏறுன கிலோ றெக்கைல ஏறுன கிலோவ விட ஸ்பாருக்கு மோசம்.

ஸ்டால் வேகம், அதாவது இதுக்கு கீழ போனா றெக்கை தூக்காதுங்கற வேகம், எடையோட வர்க்கமூலத்துல ஏறும். அஞ்சு சதவீதம் எடைக்கு ரெண்டரை சதவீதம்தான், 45 நாட் (மணிக்கு கடல் மைல்) வேகத்துக்கு 46 சொச்சம். சின்னதுதானேன்னு தோணும். ஆனா டேக் ஆஃப் ஓட்டம் சுமாரா எடையோட வர்க்கத்துல போகும், அங்க 11 சதவீதம். ஏறுற வேகம் இன்னும் மோசம், ஏன்னா எடை அங்க ரெண்டு பக்கமும் வெட்டும்: மட்டமா பறக்கவே கூடுதல் குதிரை சக்தி வேணும், அப்புறம் மிஞ்சுன கொஞ்ச சக்தியும் கூடுதல் எடைய தூக்கணும். பெரிய எஞ்சின் இருந்தா இது தெரியாது. 65 குதிரை, 80 குதிரைன்னு குட்டி எஞ்சின் வச்சிருந்தா மட்டமா பறக்கவே பெரும்பங்கு போயிடும், ஏறுறதுக்கு மிஞ்சுறது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துலேர்ந்துதான் எல்லா கழிவும்.

இதோட நம்ம வெயில சேத்துப் பாருங்க. செட்டிநாடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரெண்டாம் உலகப்போர் காலத்துல பிரிட்டிஷ்காரங்க போட்ட ஓடுதளம் ஒண்ணு கிடக்கே, அங்கேர்ந்து சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு கிளம்புறதா ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். நம்ம மண்ணு கடல் மட்டத்துலேர்ந்து நூறு மீட்டர் உசரத்துக்குள்ளதான், ஆனா 40 டிகிரி வெயில்ல காத்து மெலிஞ்சு போய் றெக்கைக்கும் எஞ்சினுக்கும் ஆயிரம் மீட்டர் உசரத்துல இருக்குற மாதிரி இருக்கும். எஞ்சின் அங்கயே ஒரு பத்து சதவீதம் சக்திய விட்டுரும். காலைல ஆறு மணி குளிர்ல தெரியாத 32 கிலோ, அந்த மத்தியானத்துல ஓடுதளத்தோட கடைசில இருக்குற கருவேல மரத்து உசரத்துல தெரியும்.

எடை எவ்வளவுங்கற அளவுக்கு எடை எங்கங்கறதும் முக்கியம்னு சொன்னேன்ல, அதுக்கு நம்ம கிட்ட நல்ல வார்த்தையே இருக்கு, முன்பாரம் பின்பாரம். மாட்டு வண்டில வைக்கோலோ நெல்லோ ஏத்துறவங்களுக்கு தெரியும், முன்பாரம் ஆயிட்டா நுகத்தடி மாட்டு கழுத்த அமுக்கும், மாடு நகராது. பின்பாரம் ஆயிட்டா நுகத்தடி மேல தூக்கி கழுத்துக் கயிறு இறுக்கும், ஏத்தத்துல போனா வண்டியே குடை சாஞ்சுரும். விமானத்துல அச்சுக்கு பதிலா றெக்கை, நுகத்தடிக்கு பதிலா வாலு. முன்பாரம் ஆனா ஓட்டுறவரு கையில இருக்குற ஸ்டிக் கனமா இருக்கும், தரை இறங்கும்போது மூக்க தூக்கவே முடியாம மூக்குச் சக்கரத்துல போய் இடிக்கும், தொல்லைதான், ஆனா விமானம் உங்க பேச்ச கேக்கும். பின்பாரம்தான் ஆள கொல்லும். ஸ்டிக் வெண்ணெய் மாதிரி லேசா இருக்கும், சுண்டு விரலால ஓட்டலாம் போல இருக்கும், ஆனா விமானத்துக்கு தானா நேரா நிக்கிற குணம் போயிடும், மூக்கு தூக்குனா தூக்கிக்கிட்டே போகும், ஸ்பின்ல, அதாவது சுத்திக்கிட்டே கீழ விழுற நிலைல, மாட்டுனா வெளிய எடுக்க முடியாம போகலாம்.

பர்ட் ரூட்டன் டிசைன் பண்ண லாங் ஈசி 1979-ல முதல்ல பறந்தது, அதுக்கு எஞ்சின் பின்னாடி. ஆளு இறங்கிட்டா பின்பாரம் ஆகி வாலு பக்கமா சாஞ்சுரும், அதனால முன் சக்கரத்த உள்ள மடக்கி மூக்க தரையில ஊன வச்சு நிறுத்துவாங்க. மாட்ட அவுத்துட்டு நுகத்தடிய தரையில ஊனி நிறுத்துன வண்டி மாதிரியே இருக்கும், நான் முதல்ல அந்த போட்டோ பாத்தப்போ எங்க ஊரு களத்து மேடுதான் ஞாபகம் வந்துச்சு.

இந்த பாரம் விஷயத்த நான் கையால கத்துக்கிட்டது ஒரு ஆர்.சி. மாடல்ல. ரெண்டு மீட்டர் றெக்கை, 2.4 கிலோ. கோடைல வத்திக் கிடந்த கண்மாய்லதான் பறக்க விடுவோம். ஒரு தடவை வாலு உடைஞ்சு போச்சு, நான் அத ப்ளைவுட் வச்சு நல்லா கெட்டியா ஒட்டி, மேல ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சேன், 60 கிராம்தான் கூடுச்சு. பேலன்ஸ் பாத்தா வாலு தொங்குது. வாலு பேலன்ஸ் புள்ளிலேர்ந்து 90 செ.மீ., மூக்கு 25 செ.மீ., அப்ப 60 கிராமுக்கு மூக்குல 216 கிராம் ஈயம் வைக்கணும். எங்க ஆயா புளி நிறுக்குற வெள்ளிக்கோல்ல அந்த மெல்லிசு தண்டு அவ்வளவு பெரிய தட்ட எப்படி தூக்கி நிறுத்துதுன்னு சின்ன வயசுல பாத்தது அன்னிக்குத்தான் முழுசா விளங்குச்சு. 60 கிராம் ரிப்பேருக்கு 276 கிராம் எடை ஏறிருச்சு. பேலன்ஸ் சரியா இருந்துச்சு, ஆனா எப்பவும் வர்ற வேகத்துல இறக்குனா தரைக்கு ஒரு ஆள் உசரம் இருக்கும்போதே தொப்புன்னு விழுந்து லேண்டிங் கியர் ரெண்டும் விரிஞ்சு போச்சு. வெடிச்ச களிமண்ணுல அந்த சக்கரம் பதிஞ்ச தடம் இன்னும் கண்ணுல நிக்குது.

முழு சைஸ் விமானத்துல வாலுல 2 கிலோ பெயிண்ட் புட்டி ஏறுனா இதே கதைதான், நாலு மீட்டர் தூரத்துல 2 கிலோ, அத சமப்படுத்த மூக்குல 1.2 மீட்டர் தூரத்துல 6.7 கிலோ ஈயம். அதோட முடியல. எலிவேட்டர், எய்லரான், ரட்டர்னு வால்லயும் றெக்கைலயும் விமானத்த திருப்ப அசையுற பலகைங்க எல்லாத்தையும் கீல்ல பேலன்ஸ் பண்ணி வச்சிருப்பாங்க, பெயிண்ட் அடிச்சதும் பின் ஓரம் கனத்து அந்த பேலன்ஸ் கெடும், கெட்டா வேகத்துல ஃப்ளட்டர் வந்து படபடன்னு அடிச்சு சில நொடில பிச்சுக்கிட்டு போயிடும். பெயிண்ட் காஞ்சப்புறம் திரும்ப பேலன்ஸ் பாக்காம பறக்கவே கூடாது.

எடைய கொறச்சாலும் இந்த வேலை விடாது. பியட்டன்போல் ஏர் கேம்பர்னு 1929-ல வந்த ஒரு மர விமானம், ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சின் வச்சது, அந்த எஞ்சின் 40 குதிரைக்கு 110 கிலோ பக்கம். பின்னாடி வந்தவங்க அதுல காண்டினென்டல் கம்பெனியோட லேசான விமான எஞ்சின் வச்சாங்க, நல்ல காரியம்தான், ஆனா மூக்கு லேசாகி பின்பாரம் ஆயிருச்சு. அதனால மூக்க நீட்டுறது, றெக்கைய பின்னாடி சாய்க்கிறதுன்னு இன்னிக்கும் பண்ணுறாங்க.

ஓட்டுற சுகத்துக்கு வருவோம். நடுவுலேர்ந்து தூரத்துல இருக்குற எடை, தூரத்தோட வர்க்கத்துல எதிர்க்கும். றெக்கை நுனில நாலு மீட்டர்ல இருக்குற ஒரு கிலோ லைட்டும் பேட்டரியும், அரை மீட்டர்ல இருக்குற ஒரு கிலோவ விட உருளுறதுக்கு 64 மடங்கு எதிர்ப்பு. அதனால நுனி கனத்த விமானம் திரும்ப ஆரம்பிக்கவும் சோம்பல், நிறுத்தவும் சோம்பல். மூக்குலயும் வாலுலயும் எடை சேந்தா ஸ்பின் சுத்த ஆரம்பிச்சதும் நிறுத்துறது கஷ்டம். ஈயம் வச்சு பேலன்ஸ் பண்றது கணக்க நேராக்கும், இந்த குணத்த கெடுத்துரும்.

கனத்துக்கு ஒரே ஒரு நல்லது இருக்கு, அத மறைக்கக் கூடாது. செம்மண் பொட்டல்ல மத்தியானம் கிளம்புற அனல் காத்துல லேசான விமானம் குலுங்கி எடுக்கும், கனமானது கொஞ்சம் கம்முன்னு போகும். ஆனா அந்த சுகம் வேணும்னா டிசைன்லயே றெக்கைய சின்னதா வச்சிருக்கணும், மேட் போட்டு வாங்குற சுகம் இல்ல அது.

அயித்தான் அந்த கால்லயே சி.ஜி. கணக்கும், அதாவது மொத்த எடையும் சமமா நிக்கிற புள்ளி எங்கன்னும், பாத்தாரு. றெக்கையோட முன் விளிம்புலேர்ந்து பின்னாடி 55 செ.மீ.ல பெரிய சக்கரம், முன்னாடி 85 செ.மீ.ல மூக்குச் சக்கரம். 312ஐ 0.55ஆல பெருக்கி, 75ஐ 0.85ஆல பெருக்குனத கழிச்சு, 387ஆல வகுத்தா 28 செ.மீ. றெக்கை அகலம் 130 செ.மீ., அப்ப 21 சதவீதம், காலியா இருக்கும்போது இது பரவால்ல. "பாரம் சரியாத்தான் அயித்தான் இருக்கு, எடைதான் கூட"ன்னு சொன்னேன்.

அப்புறம் ரெண்டு வாரம் அவர் ஒவ்வொண்ணா கழட்டுனாரு. சத்தத்துக்கு போட்ட மேட் 3.5 கிலோ வெளிய வந்துச்சு, அக்காவுக்கு அது பிடிக்கல, ஹெட்செட் நல்லதா வாங்கித் தர்றேன்னு சமாதானம் பண்ணாரு. சீட்டுக்கு பின்னாடி இருந்த 8 கிலோ லெட் ஆசிட் பேட்டரிய எடுத்துட்டு 2.5 கிலோ லித்தியம் பேட்டரி வச்சாரு. நம்ம காரைக்குடில இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் சிக்ரில வருஷக்கணக்கா லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்குறத நான் பெருமையா சொல்லிக்கிட்டேன். பெயிண்ட சுரண்ட மனசு வரல, ஸ்கிரீன கழட்ட மனசு வரல. திரும்ப தராசுல ஏத்துனப்போ 378. சி.ஜி. கொஞ்சம் முன்னாடி நகந்து 19.5 சதவீதம், அவரோட லிமிட்டுக்குள்ளதான். கிராஸ் 600லயே நிக்கட்டும்னு எழுதிட்டாரு.

ரெண்டு பேரும் பையும் போக 42 கிலோ பெட்ரோல், 58 லிட்டர், ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. பெட்ரோல் அளக்குற மரக் குச்சில 58 லிட்டர் வர்ற இடத்துல கத்தியால ஒரு கோடு கீறி, அதுல சிவப்பு பெயிண்ட் தடவி போட்டோ அனுப்பிருந்தாரு, கீழ தமிழ்ல "ரெண்டு ஆளு"ன்னு எழுதிருந்துச்சு.